ஈசிஜி நார்மல், ஆனாலும் ஐந்து டெஸ்ட் எழுதியிருக்கிறார் டாக்டர்: எது எதற்கு?

கேள்வி இதுதான்: "அப்பாவுக்கு 58 வயது. இரண்டு மாதமாக மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இருபது வருஷம் சிகரெட் பிடித்தவர், ஐந்து வருஷத்துக்கு முன்னால் விட்டுவிட்டார். ஈசிஜி நார்மல் என்று வந்துவிட்டது. ஆனாலும் டாக்டர் நெஞ்சு எக்ஸ்ரே, எக்கோ, டிஎம்டி, ஊதிப் பார்க்கும் டெஸ்ட், ரத்தப் பரிசோதனை என்று வரிசையாக எழுதிக் கொடுத்திருக்கிறார். இத்தனை எதற்கு? கடைசியில் ஆஞ்சியோகிராம் என்று சொல்லிவிடுவார்களோ என்று அம்மா பயப்படுகிறார்."

அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. இதயம், நுரையீரல் இரண்டுக்கும் பரிசோதனை செய்யும் கூடத்தில் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். இப்படிச் சீட்டுகளைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு வெளியே காத்திருக்கும் குடும்பங்களைத் தினமும் பார்க்கிறேன். பயத்தில் பாதி, உள்ளே என்ன நடக்கும் என்று யாரும் சொல்லாததால் வருவது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. மூச்சு வாங்குவது என்பது நுரையீரலின் பிரச்சினை மட்டும் இல்லை. காற்று உள்ளே போக வேண்டும், நுரையீரலில் அது ரத்தத்தில் கலக்க வேண்டும், அந்த ரத்தத்தை இதயம் உடம்பு முழுக்கத் தள்ள வேண்டும், ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கப் போதுமான ஹீமோகுளோபின் இருக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் எங்கே தளர்வு வந்தாலும் நோயாளி சொல்வது ஒரே வாக்கியம்தான்: "மாடி ஏறினா மூச்சு வாங்குது டாக்டர்." எந்தக் கண்ணி தளர்ந்திருக்கிறது என்பதை ஒரே ஒரு டெஸ்ட் சொல்லிவிடாது. ஒவ்வொரு டெஸ்டும் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கும். கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லாது. "நார்மல்" என்ற வார்த்தையை இந்தக் கணக்கில்தான் வாசிக்க வேண்டும்.

ஈசிஜியையே எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பில் பத்து இடத்தில் கம்பி இணைக்கிறோம்: நெஞ்சில் ஆறு, கை கால்களில் நான்கு. அதிலிருந்து பன்னிரண்டு கோணங்களில் இதயத்தின் மின்னோட்டம் காகிதத்தில் வரைந்து வருகிறது. காகிதம் நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடும். மொத்தம் பதிவாவது சுமார் பத்து நொடி. அதுவும் அப்பா அசையாமல் படுத்திருந்த பத்து நொடி. ரத்தக்குழாயில் பெரிய அடைப்பே இருந்தாலும், படுத்திருக்கும் இதயத்துக்குத் தேவையான ரத்தம் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடலாம். அப்போது ஈசிஜி நார்மலாகத்தான் வரும். மாடி ஏறும்போதுதானே சிக்கல்? அதை இந்தக் காகிதம் பார்க்கவே இல்லை.

அதற்காக ஈசிஜியைக் குறைவாக நினைக்க வேண்டாம். இப்போது மாரடைப்பு நடந்துகொண்டிருக்கிறதா, துடிப்பின் தாளம் தப்பியிருக்கிறதா, எப்போதோ வந்துபோன மாரடைப்பின் தழும்பு இருக்கிறதா, இதயத் தசை தடித்திருக்கிறதா என்பதையெல்லாம் சில நிமிஷத்தில் காட்டுவதற்கு இதைப் போல எளிமையான கருவி வேறு இல்லை. வலி இருக்கும்போதே எடுத்த ஈசிஜிக்கு மதிப்பு இன்னும் அதிகம். முதல் தாள் நார்மலாக இருந்து வலி தொடர்ந்தால், 15 அல்லது 30 நிமிஷம் கழித்து மறுபடி எடுப்போம்.

எடுக்கிற விதமும் முக்கியம். ஏசி அறையில் சட்டையைக் கழற்றிப் படுத்தவர் குளிரில் லேசாக நடுங்கினாலே போதும், கோடு ரம்பப் பல் மாதிரி வந்துவிடும். ஒரு போர்வையைப் போட்டு, "கையைத் தளர விடுங்க" என்று சொல்லி ஒரு நிமிஷம் பொறுத்தால் அதே ஆளுக்குக் கோடு சுத்தமாக வரும். இடது கைக் கம்பியும் வலது கைக் கம்பியும் மாறிப் போனால், முதல் கோட்டில் அலைகளெல்லாம் தலைகீழாகிவிடும். இதயம் வலது பக்கம் இருக்கிறதோ என்று சந்தேகப்படும் அளவுக்குத் தோற்றம் மாறும். தாளின் மேலே கணினி தானாக அச்சடிக்கும் வரிகளைப் படித்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் வருகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த வரிகள் டாக்டருக்கு ஒரு குறிப்பு மட்டும்தான், தீர்ப்பு இல்லை.

படபடப்பு வந்து வந்து போகிறது என்றால் பத்து நொடி போதாது. அதற்குத்தான் ஹோல்டர். சின்னப் பெட்டியை மாட்டிக்கொண்டு 24 அல்லது 48 மணி நேரம் வழக்கமான வேலைகளைச் செய்ய வேண்டும். ஒரு நாளைக்கு இதயம் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது, அத்தனையும் பதிவாகும். கூடவே ஒரு தாளில், எத்தனை மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தபோது படபடத்தது என்று குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பு இல்லாத ஹோல்டரில் பாதிப் பயன் போய்விடும்.

எக்ஸ்ரேயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூச்சை நன்றாக இழுத்து அடக்கச் சொல்வார்கள், ஏனென்றால் பாதி மூச்சில் எடுத்த படத்தில் நுரையீரல் சுருங்கி, இதயம் பெரிதாகத் தெரியும். நிமோனியா, நீர் கோத்திருப்பது, காசநோயின் தழும்பு, இதய வீக்கம், பெரிய கட்டி, இவை தெரியும். ஆஸ்துமா பெரும்பாலும் தெரியாது. சிகரெட்டால் வரும் மூச்சுக்குழாய் அடைப்பின் ஆரம்ப நிலையும் தெரியாது. கதிர்வீச்சைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் கிடைப்பது, சில நாட்களில் இயற்கையாகவே நம் மேல் படுகிற கதிர்வீச்சின் அளவுதான். சிடி ஸ்கேன் அப்படி இல்லை, அதில் பல மடங்கு அதிகம். காரணம் இல்லாமல் சிடி எடுக்கக் கூடாது என்பது அதனால்தான்.

எக்கோவுக்கு வருவோம். வயிற்றுக்கு எடுக்கும் ஸ்கேன் மாதிரியேதான், ஒலி அலைகள். 1953இல் ஸ்வீடனில் எட்லர், ஹெர்ட்ஸ் என்ற இருவர் ஒலி அலையால் முதன்முதலாக இதயத்தின் அசைவைப் பதிவு செய்தார்கள். இடது பக்கமாகத் திரும்பிப் படுக்கச் சொல்வது எதற்கு என்று பலர் கேட்பார்கள். அப்படிப் படுத்தால் இதயம் நெஞ்சுச் சுவரோடு ஒட்டி வரும், நடுவில் நிற்கும் நுரையீரல் விலகும். ஒலி அலைக்குக் காற்று எதிரி, அதனால்தான் இந்த ஏற்பாடு. வால்வுகள் சரியாகத் திறந்து மூடுகின்றனவா, தசையின் எந்தப் பகுதியாவது அசையாமல் இருக்கிறதா, நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடியிருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். இந்தக் கடைசி விஷயம் உங்கள் அப்பாவுக்கு முக்கியம். நுரையீரல் நோய் முற்றினால் அதன் சுமை இதயத்தின் வலது பக்கத்தில்தான் போய் விழும்.

எக்கோ ரிப்போர்ட்டில் எல்லோரும் தேடுவது 'ஈஎஃப்' என்ற எண்ணைத்தான்: இதயத்தின் இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒரு துடிப்பில் வெளியே போகிறது என்ற கணக்கு. எல்லோரையும் பயமுறுத்துவதும் அதுதான். "60 என்று போட்டிருக்கிறதே, அப்படியானால் 40 சதவீதம் கெட்டுவிட்டதா?" என்று ஒரு பெண் கண் கலங்கிக் கேட்டது இன்னும் நினைவில் இருக்கிறது. இல்லவே இல்லை. இடது கீழறையில் 120 மி.லி. ரத்தம் நிரம்புகிறது, ஒரு துடிப்பில் 70 மி.லி. வெளியே போகிறது என்று வைத்துக்கொள்வோம். 120க்கு 70 என்பது 58 சதவீதம். அது ஆரோக்கியமான இதயம். எந்த இதயமும் ஒரே துடிப்பில் முழுவதையும் காலி செய்வதில்லை. சுமார் 55 முதல் 70 வரை இருந்தால் வழக்கமான அளவு. இன்னொரு பக்கமும் உண்டு: இந்த எண் நன்றாக இருந்தும் இதயத் தசை விறைத்துப் போய், சரியாகத் தளர முடியாமல் இருக்கலாம். வயதானவர்கள், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்கள் பலருக்கு மூச்சு வாங்குவது இதனால்தான். ஆக, ஈஎஃப் 60 என்றவுடன் இதயத்துக்கு நற்சான்றிதழ் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்பதையும் சாதாரண எக்கோ நேரடியாகக் காட்டாது.

அந்தக் கேள்வியைக் கேட்பதற்குத்தான் டிஎம்டி. ஓடும் பட்டையில் நடக்க வைத்து, இதயத்துக்கு வேலை கொடுத்து, அதே நேரத்தில் ஈசிஜி பார்ப்பது. பெரும்பாலும் புரூஸ் முறையில் நடக்கும்: முதல் மூன்று நிமிஷம் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 சதவீதச் சரிவு. மூன்று நிமிஷத்துக்கு ஒரு தரம் வேகமும் சரிவும் ஏறும். 220இலிருந்து வயதைக் கழித்தால் அப்பாவுக்கு 162. அதில் 85 சதவீதம், அதாவது சுமார் 138 துடிப்பையாவது எட்டினால்தான் டெஸ்ட் முழுமையானது என்று பொதுவாகக் கொள்வார்கள். துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் அதை எட்டவே மாட்டார். அன்று அந்த மாத்திரையை நிறுத்தலாமா என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள், தானாக நிறுத்தக் கூடாது. நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் உடனே சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்கும் எங்களுக்காக வீரம் காட்டிப் பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும்.

டிஎம்டி பாசிடிவ், அதாவது நடக்கும்போது ஈசிஜியில் சந்தேகமான மாற்றம் தெரிந்தது என்று வந்தால், அடைப்பு உறுதி என்று அர்த்தம் இல்லை, நெகடிவ் என்றால் அடைப்பே இல்லை என்றும் இல்லை. சர்க்கரை நோய் இருந்து, நடந்தால் நெஞ்சு இறுகுகிறது என்றும் சொல்லும் அறுபது வயதுக்காரருக்கு வந்த பாசிடிவும், எந்தத் தொந்தரவும் இல்லாத முப்பது வயதுப் பெண்ணுக்கு வந்த பாசிடிவும் ஒன்றல்ல. முதலாவதை நம்பலாம். இரண்டாவது பெரும்பாலும் பொய் எச்சரிக்கை. தொந்தரவே இல்லாதவர்கள் 'சும்மா ஒரு முழு உடல் பரிசோதனை' என்று போய் டிஎம்டி செய்துகொள்வதை நான் ஆதரிக்காததற்குக் காரணம் இதுதான். முழங்கால் வலியால் நடக்க முடியாதவர்களுக்கு, மருந்து கொடுத்து இதயத்தை வேகப்படுத்தி எக்கோவிலோ நியூக்ளியர் ஸ்கேனிலோ பார்க்கும் வழி இருக்கிறது.

சரி, இப்போது ஊதிப் பார்க்கும் டெஸ்ட். ஸ்பைரோமெட்ரி. இருபது வருஷம் சிகரெட் பிடித்தவருக்கு என்னைக் கேட்டால் இதுதான் முதலில் எழுதியிருக்க வேண்டிய டெஸ்ட். 1846இல் லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர் தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்த ஒரு மணி மாதிரியான பாத்திரத்துக்குள் ஆயிரக்கணக்கானவர்களை ஊத வைத்து அளந்தார். இன்று அது கைக்குள் அடங்கும் கருவியாகிவிட்டது, அடிப்படை அதேதான். எவ்வளவு காற்று வெளியே வருகிறது, அதில் முதல் நொடியில் எவ்வளவு வருகிறது, இந்த இரண்டு எண்தான் உயிர். மொத்தம் நான்கு லிட்டர் ஊதியவர் முதல் நொடியிலேயே 3.2 லிட்டரைத் தள்ளிவிட்டால் 80 சதவீதம், குழாய்கள் நன்றாகத் திறந்திருக்கின்றன. அதே நான்கு லிட்டரில் முதல் நொடிக்கு 2.2 தான் வந்தது என்றால் 55 சதவீதம், காற்று எங்கோ நெருக்கடியில் மாட்டிக்கொள்கிறது. இன்ஹேலர் மருந்து கொடுத்து 15 நிமிஷம் கழித்து மறுபடி ஊத வைப்போம். மருந்துக்குப் பிறகும் 70 சதவீதத்துக்குக் கீழேயே நின்றால் சிஓபிடி என்ற நாள்பட்ட அடைப்பு நோயைச் சந்தேகிக்க வேண்டும். முதல் நொடி அளவு 12 சதவீதமும் 200 மி.லி.யும் கூடினால், ஆஸ்துமா பக்கம் சாயும்.

ஆனால் இந்த டெஸ்டில் இயந்திரத்தைவிட ஊதுகிற ஆள் முக்கியம். மூக்கில் கிளிப் போடுவோம், உதட்டை மவுத்பீஸைச் சுற்றி இறுக்கச் சொல்வோம். நுரையீரல் கொள்ளும் வரை இழுத்து, ஒரே வெடிப்பாக ஊதி, பிறகும் நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். ஆறு நொடியாவது. "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும், விடாதீங்க" என்று நான் பக்கத்தில் நின்று கத்துவேன். கோபம் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலானவர்கள் மூன்றாவது நொடியிலேயே முடிந்துவிட்டது என்று வாயை எடுத்துவிடுவார்கள், அந்தக் கடைசிக் காற்றில்தான் நோய் ஒளிந்திருக்கும். சிலருக்கு இருமல் வரும், சிலருக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும். அதனால்தான் உட்கார வைத்து ஊத வைக்கிறோம். குறைந்தது மூன்று நல்ல ஊதல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும், அதுவரை விட மாட்டோம். மூன்று தடவை ஊதிய வளைகோடுகளும் ரிப்போர்ட்டில் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்திருந்தால், அந்த ரிப்போர்ட்டை நம்பலாம். ஆளுக்கொரு திசையில் போனால், நார்மல் என்று எழுதியிருந்தாலும் மறுபடி செய்யச் சொல்லுங்கள்.

அன்றைக்கு வயிறு முட்டச் சாப்பிட்டு வராதீர்கள், இறுக்கமான உடை வேண்டாம். இன்ஹேலர் போடுகிறவர் எத்தனை மணி நேரம் முன்பு நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சமீபத்தில் மாரடைப்போ, கண் அறுவைச் சிகிச்சையோ நடந்திருந்தால், நுரையீரலில் காற்றுக் கசிவு வந்திருந்தால், ஊதும் முன்பே எங்களிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம், ஆஸ்துமா உள்ளவர் நல்ல நிலையில் இருக்கும் நாளில் ஊதினால் எல்லாம் நார்மலாகவே வரும். அவர்களுக்கு வீட்டிலேயே காலையும் மாலையும் ஊதிக் குறித்துவைக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் அதிகம் உதவும்.

ஊதல் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால், காற்று உள்ளே வருகிறது, ரத்தத்தில் கலக்கிறதா என்பது அடுத்த கேள்வி. அதற்கு மிகக் கொஞ்சம் கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை இழுத்துப் பத்து நொடி அடக்கும் டெஸ்ட் ஒன்று உண்டு. அளவு மிகச் சிறியது, பயப்பட வேண்டாம். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை எல்லோருக்கும் தெரியும். 95க்கு மேல் நல்லது. ஆனால் நகப்பூச்சு, சில்லிட்ட விரல் இரண்டும் அதை ஏமாற்றும். கருமையான தோலில் அது உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும். புகை நிறைந்த அறையில் மயங்கியவருக்கு 99 என்று காட்டினால் நம்பவே கூடாது, கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் ஏறியதாகவே எண்ணும். உட்கார்ந்திருக்கும்போது 97 இருப்பவர் நடந்தவுடன் 88க்கு இறங்குவதும் உண்டு. அதைப் பிடிக்கத்தான் 30 மீட்டர் வராந்தாவில் ஆறு நிமிஷம் நடக்க வைத்துப் பார்க்கிறோம். மணிக்கட்டுத் தமனியில் ஊசி குத்தி எடுக்கும் ரத்த வாயுப் பரிசோதனை வலிக்கும்தான். ஆனால் ஆக்ஸிமீட்டரால் காட்டவே முடியாத கார்பன் டை ஆக்சைடு அளவு அதில்தான் தெரியும்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பல பெயர்கள் இருக்கும். முதலில் ஹீமோகுளோபின். எல்லா ஸ்கேனும் முடித்துவிட்டு, ரத்தசோகைதான் காரணம் என்று கடைசியில் கண்டுபிடித்த கதைகள் பல. பிஎன்பி என்பது இதயச் சுவர் இழுபடும்போது சுரக்கும் பொருள். இது குறைவாக இருந்தால் மூச்சு வாங்குவதற்கு இதயச் செயலிழப்பு காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. ட்ரோபோனின் இதயத் தசை காயப்பட்டால் ஏறும், ஆனால் வலி தொடங்கிய சில மணி நேரம் கழித்துத்தான் ஏறும். அதனால்தான் அவசரப் பிரிவில் ஒரு தடவை எடுத்து விட்டுவிடாமல் மறுபடியும் எடுப்பார்கள். டி-டைமர் நுரையீரலில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்ற சந்தேகத்துக்கு. சந்தேகம் குறைவாக உள்ளவருக்கு அது நார்மலாக வந்தால் நிம்மதி. ஏறியிருந்தால் அதற்கு ஆயிரம் காரணம் உண்டு: வயது, காய்ச்சல், கர்ப்பம், அறுவைச் சிகிச்சை.

சளிப் பரிசோதனை எழுதியிருந்தால் எச்சிலைத் துப்பிக் கொடுக்காதீர்கள். காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்து, இரண்டு மூன்று தடவை ஆழமாக மூச்சை இழுத்து, அடி நெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். தண்ணீர் மாதிரி நுரைத்து இருப்பது எச்சில், கொழகொழவென்று மஞ்சளாகவோ வெள்ளையாகவோ இருப்பது சளி. எச்சிலில் காசநோய்க் கிருமியைத் தேடி 'இல்லை' என்று வந்த ரிப்போர்ட்டால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. எக்ஸ்ரே, சிடியில் சந்தேகமான நிழல் தெரிந்து சளியிலும் விடை கிடைக்காவிட்டால்தான் பிராங்காஸ்கோபி. வெறும் வயிற்றில், தொண்டையை மரக்க வைத்து, மெல்லிய வளையும் குழாயை மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்ப்பது. முடிந்த பிறகு மரப்பு போகும் வரை, சுமார் இரண்டு மணி நேரம், தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, புரையேறிவிடும். இந்த ஒன்றைத்தான் வீட்டுக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இனி அம்மாவின் பயம். ஆஞ்சியோகிராம் என்பது இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது, ஆஞ்சியோபிளாஸ்டி என்பது பலூனும் ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாயும் வைத்து அடைப்பைச் சரிசெய்வது. இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் பலர் நடுங்குகிறார்கள். 1929இல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் மருத்துவர், தன் கையில் உள்ள ரத்தக்குழாயின் வழியாகத் தானே இதயம் வரை ஒரு குழாயைச் செலுத்திக்கொண்டு எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய்ப் படம் எடுத்தார். அப்போது அவரைத் திட்டினார்கள், 1956இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று பெரும்பாலும் மணிக்கட்டில் மரக்க ஊசி போட்டு, சுமார் இரண்டு மில்லிமீட்டர் தடிமனான குழாயை உள்ளே விட்டு, சாயம் செலுத்திப் படம் எடுக்கிறார்கள். நோயாளி விழித்தே இருப்பார், பேசிக்கொண்டுகூட இருக்கலாம். குழாய் நகர்வது உள்ளே தெரியாது, சாயம் போகும்போது சிலருக்கு உடம்பில் ஒரு சூடு பரவும். பெரிய சிக்கல் வருவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. குறைவு என்றாலும் பூஜ்யம் இல்லை, அதனால் காரணம் இருந்தால் மட்டும்தான் செய்ய வேண்டும்.

உங்கள் அப்பா விஷயத்தில் அது உடனே வரும் படி இல்லை. எக்கோவும் டிஎம்டியும் சந்தேகத்தைக் கூட்டினால், முதலில் சிடி கரோனரி ஆஞ்சியோகிராமே போதுமா என்று கேளுங்கள். கையில் ஊசி வழியாகச் சாயம் செலுத்தி ஸ்கேன் எடுப்பது அது. அதில் அடைப்பு இல்லை என்று வந்தால் நம்பிக்கையோடு நிறுத்திவிடலாம். இரண்டிலுமே சாயம் போவதால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவை முன்பே பார்க்க வேண்டும், அலர்ஜி இருந்தால் சொல்ல வேண்டும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டால் அதையும் சொல்ல வேண்டும். குழாய் விட்டுச் செய்யும் ஆஞ்சியோகிராம்தான் என்று முடிவானால், உள்ளே போகும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: "அடைப்பு இருந்தால் அப்போதே ஸ்டென்ட் வைப்பீர்களா, வெளியே வந்து எங்களிடம் பேசிவிட்டு வைப்பீர்களா?" நடுத்தரமான அடைப்பு என்றால், அதைத் தாண்டி ரத்த அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று ஒரு மெல்லிய கம்பியால் அளக்கலாம். அடைப்புக்குப் பின்னால் உள்ள அழுத்தத்தை முன்னால் உள்ள அழுத்தத்தால் வகுத்து வரும் விகிதம் 0.80க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் ஸ்டென்ட் தேவைப்படாது, மாத்திரையே போதும்.

இத்தனையும் சொன்னது நிதானமாகச் செய்யும் பரிசோதனைகளைப் பற்றி. சும்மா இருக்கும்போதே நெஞ்சு இறுகி வியர்த்தால், தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினால், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாத அளவுக்கு மூச்சு முட்டினால், இருமலில் ரத்தம் நிறைய வந்தால், எந்த டெஸ்டின் தேதிக்கும் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

போகும்போது பழைய ஈசிஜியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது நார்மல் என்று வந்த அந்தத் தாளைத்தான் சொல்கிறேன். அதைத் தேதி தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து அப்பாவின் போனிலும் அம்மாவின் போனிலும் வைத்துவிடுங்கள். அடுத்த தடவை எடுக்கும் கோடு புதிதாக மாறியதா, அவருக்கு எப்போதுமே அப்படித்தானா என்பதை ஒரு டாக்டர் அரை நிமிஷத்தில் முடிவு செய்ய அந்தத் தாள் போதும்.